சிவப்புப் புள்ளி விழுந்த தோட்டத்துப் பிள்ளைகள்: தொலைக்கல்வியில் ஏஐ வரும்போது நாம் என்ன கேட்க வேண்டும்?

மஸ்கெலியா டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் பாடசாலை ஆசிரியை. வார இறுதிகளில் ஒரு தொலைக்கல்விப் பட்டப்படிப்புக்கு வருகைதரு வளவாளராகவும் போகிறேன். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம், இது எங்கும் வரப்போகிற விஷயம்தான். இந்தப் பருவம் எங்களுக்குப் புதிதாக ஒரு திரை தந்திருக்கிறார்கள். ஒவ்வொரு மாணவரின் பெயருக்கு நேரேயும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு புள்ளி இருக்கும். சிவப்பு என்றால் அந்த மாணவர் இடையில் விலகக்கூடும் என்று கணினி கணித்திருக்கிறது.

என் குழுவில் சிவப்பு விழுந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பெரும்பாலும் தோட்டத்துப் பிள்ளைகள். அதில் ஒரு பிள்ளையை எனக்கு நன்றாகத் தெரியும். டே ஸ்கூலுக்கு, அதாவது நேரடி வகுப்பு நாளுக்கு, பிந்தி வந்ததே இல்லை. அந்தப் பிள்ளையின் வரிசையில் இருந்தது இதுதான்: கடைசி லொகின் மூன்று வாரத்துக்கு மேல், பார்த்த வீடியோ பூச்சியம், கலந்துரையாடலில் எழுதியது பூச்சியம். கூப்பிட்டு விசாரித்தால், ஹட்டனுக்கு வந்த அன்றே எல்லாப் பாடத்தையும் போனில் இறக்கி, கடையில் பிரின்ட் எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. கட்டு கட்டாக வைத்திருக்கிற தாள்களின் ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. பாதிக்கு மேல் படித்து முடித்துவிட்டது.

இந்தத் தொழில்நுட்பத்தை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் இல்லை. உண்மையிலேயே தவிக்கிற பிள்ளையும் அதே பட்டியலில்தான் இருந்தது, பட்டியல் இல்லாவிட்டால் நான் அதைக் கவனித்திருக்க மாட்டேன். ஆனால் இப்படியே விட்டால் நம் பிள்ளைகளுக்கு ஒரு முத்திரை விழுந்துவிடும். இதை எப்படிக் கேட்டு வாங்குவது, எதை விடக்கூடாது? விபரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.


ஊவா தரவு எழுதியது:

டீச்சர், நான் பதுளை, வேலை கொழும்பில், தரவுப் பகுப்பாய்வு. உள்ளே என்ன நடக்கிறது என்று முதலில் சொல்கிறேன்.

நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் இருப்பது மூடில். அவுஸ்திரேலியாவில் மார்ட்டின் டூகியாமஸ் தொடங்கி 2002இல் வெளியிட்ட, பாடங்களை இணையத்தில் நடத்தும் இலவச மென்பொருள் அது. நீங்கள் ஒரு பக்கத்தைத் திறந்தால், ஒரு குவிஸ் செய்தால், ஒரு கோப்பை இறக்கினால், எல்லாவற்றுக்கும் நேரத்தோடு ஒரு வரி பதிவாகும். 2017 நவம்பரில் வந்த 3.4 பதிப்பிலிருந்து இந்தப் பதிவுகளை வைத்துக் கணிப்புச் செய்யும் வசதியும் அதற்குள்ளேயே இருக்கிறது. அதில் ஒரு கணிப்பு மாதிரி (மொடல்), விலகக்கூடிய மாணவரைக் கண்டுபிடிப்பது. அது பார்ப்பது முக்கியமாக இரண்டு. ஒரு வேலையில் மாணவர் எவ்வளவு ஆழம் போனார்: திறந்து பார்த்ததோடு சரியா, விடை அனுப்பினாரா, ஆசிரியரின் பின்னூட்டத்தைப் படித்தாரா, திருத்தித் திரும்ப அனுப்பினாரா? அடுத்தது, மற்றவர்களோடு எவ்வளவு பேசினார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மாதிரி எதுவும் படிக்காமல்தான் வருகிறது. அந்தந்த நிறுவனமே தன் முடிந்துபோன பாடநெறிகளின் பதிவைக் கொடுத்து அதைப் பழக்க வேண்டும். முந்திய வருடங்களில் சித்தியடைந்தவர்கள் பெரும்பாலும் வீட்டில் நல்ல இணைப்பு உள்ள நகரத்துப் பிள்ளைகள் என்றால், 'நன்றாகப் படிக்கிறவர்' என்றாலே தினமும் லொகின் பண்ணுகிறவர் என்றுதான் அது கற்றுக்கொள்ளும். உங்கள் மாணவியின் பென்சில் குறிப்புக்கு அதில் இடமே கிடையாது.

உலகத்தில் இதற்கு முன்னோடி பிரித்தானியாவின் திறந்த பல்கலைக்கழகம். ஆய்வாளர்களுக்காக அவர்கள் பெயர் நீக்கி வெளியிட்ட தரவுத்தொகுதி ஒன்று இருக்கிறது, நானும் அதில்தான் பழகினேன். 2013, 2014 பாடநெறிகளில் 32,593 பதிவுகள். யார் எந்த நாளில் எந்தப் பக்கத்தை எத்தனை முறை சொடுக்கினார் என்று ஒரு கோடிக்கு மேற்பட்ட வரிகள். அந்த 32,593இல் இடையில் விலகியவை 10,156. ஏறத்தாழ பத்துக்கு மூன்று! இத்தனை வருட அனுபவமும் வசதியும் உள்ள இடத்திலேயே இந்த நிலை. தொலைக்கல்வியில் பிள்ளை காணாமல் போவது நம் மலையில் மட்டும் நடப்பதில்லை.

அங்கே ஓயூ அனலைஸ் என்று ஒரு முறை. அடுத்த ஒப்படையை இந்த மாணவர் அனுப்புவாரா மாட்டாரா என்று வாராவாரம் கணித்து ஆசிரியருக்குக் காட்டும். ஆசிரியர் அதை அடிக்கடி பார்த்துப் பயன்படுத்திய வகுப்புகளில் பெறுபேறு மேலாக இருந்தது என்று அவர்களுடைய ஆய்வுகள் சொல்கின்றன. எல்லா ஆசிரியரும் பார்க்கவில்லை என்பதையும் அதே ஆய்வுகள் சொல்கின்றன.

இன்னொன்று. 2014இல் அந்தப் பல்கலைக்கழகம் மாணவர் தரவை நெறியோடு பயன்படுத்துவதற்கு ஒரு கொள்கை வெளியிட்டது. கண்ணுக்குத் தெரிகிற தரவையோ அதற்கு நாம் சொல்லும் விளக்கத்தையோ மட்டும் வைத்து ஒரு மாணவரை முழுமையாக வரையறுத்துவிடக் கூடாது என்பது அதில் ஒரு கோட்பாடு. நாம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன்.


தலவாக்கலை மாணவி எழுதியது:

நானும் சிவப்பில் இருந்தவள்தான், வேறொரு நிறுவனத்தில். எனக்கு ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது. நீங்கள் இந்தப் பாடநெறியில் தோல்வியடையும் அபாயத்தில் இருக்கிறீர்கள் என்று. யார் அனுப்பினார்கள், யாரிடம் பேச வேண்டும், எதுவும் இல்லை. அம்மாவிடம் காட்டவும் பயம். காட்டினால் போதும், கொழும்புக்கு வேலைக்குப் போ என்ற பேச்சுத் தொடங்கிவிடும்.

எங்கள் நிலைமையைச் சொல்கிறேன், டீச்சரின் கடிதத்துக்கு உதவும். வீட்டில் ஸ்மார்ட் போன் ஒன்று. தம்பி உயர்தரம், பகலில் அவனுக்கு வேண்டும். எங்கள் பெக்கேஜில் பாதிக்கு மேல் இரவு டேட்டா. நடு இரவு தாண்டினால்தான் வேலை செய்யும். லயத்துக்குள், அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்குள், சிக்னல் ஒரு கோடு, கோயில் மேட்டுக்கு ஏறினால் மூன்று கோடு. நடு இரவில் கோயில் மேட்டில் போய் நிற்க முடியுமா? அதனால் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். நகரத்தில் தங்கியிருக்கிற பிள்ளை எல்லாவற்றையும் இறக்குவாள். நாங்கள் அவளிடமிருந்து போனுக்குப் போன் மாற்றிக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சேர்ந்து படிப்போம், சந்தேகம் கேட்போம், சண்டையும் பிடிப்போம்.

அவள் பச்சை. நாங்கள் நான்கு பேரும் சிவப்பு.

ஊவா அண்ணா சொன்னீர்களே, மற்றவர்களோடு எவ்வளவு பேசினார் என்று அது பார்க்கும் என்று. எங்கள் ஞாயிற்றுக்கிழமை அதற்குத் தெரியாதுதானே?


பொகவந்தலாவை அண்ணன் எழுதியது:

தங்கச்சி எழுதியதைப் படித்ததும் பதில் போடாமல் இருக்க முடியவில்லை.

என் அம்மா மலையில் கொழுந்து எடுத்தவர். நிர்ணயித்த கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். அன்றைக்கு மழை கொட்டியதா, போட்ட மலையில் கொழுந்து இருந்ததா, காலில் அட்டை கடித்துப் புண்ணா, செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டுக்கு அதெல்லாம் தேவையில்லை. தராசு சொன்னதுதான் முடிவு. இப்போது பிள்ளைகளின் படிப்பையும் சொடுக்கின் எண்ணிக்கையில் நிறுத்து அரைப்பேர் போடப் போகிறார்கள். நாம் எதற்கு இதைக் கேட்டு வாங்க வேண்டும்?

கணக்கு பிழைக்கும்போது யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள். 2011 உயர்தரம் ஞாபகம் இருக்கிறதா? பழைய பாடத்திட்டம், புதிய பாடத்திட்டம் இரண்டுக்கும் சேர்த்து, பல்கலைக்கழக நுழைவைத் தீர்மானிக்கிற இசட் புள்ளியைப் போட்டார்கள். பிள்ளைகள் உயர் நீதிமன்றம் வரை போனார்கள். 2012இல் அந்தக் கணிப்பை இரத்துச் செய்து இரண்டையும் வேறுவேறாகக் கணிக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. நுழைவு எத்தனை மாதம் இழுபட்டது!

2020இல் இங்கிலாந்தில் நடந்தது இன்னும் கொடுமை. கொரோனாவால் பரீட்சை இல்லை. கணினிச் சூத்திரம் ஒன்றை வைத்து உயர்தர ஏ லெவல் பெறுபேறு கொடுத்தார்கள். அந்தப் பாடசாலையின் முந்திய வருடப் பெறுபேறுகளை அந்தச் சூத்திரம் கணக்கில் எடுத்தது. ஆசிரியர்கள் மதிப்பிட்டதைவிடச் சுமார் 40 சதவீதமான தரங்கள் கீழே போயின. பிள்ளைகள் வீதிக்கு இறங்கினார்கள். ஆகஸ்ட் 17ஆம் திகதி அரசாங்கம் பின்வாங்கி ஆசிரியர் மதிப்பீட்டையே ஏற்றுக்கொண்டது. இதே சூத்திரம் இங்கே வந்திருந்தால், இதுவரை யாருமே மூன்று ஏ எடுக்காத தோட்டப் பாடசாலையில் முதன்முதலாக எடுக்க இருந்த பிள்ளைக்கு என்ன ஆகியிருக்கும்? உன் பாடசாலையில் அப்படி யாரும் எடுத்ததில்லையே என்று சொல்லிக் கீழே தள்ளியிருக்கும்.

இருநூறு வருடமாக மற்றவர்கள் நம்மை எண்ணிக்கொண்டே இருக்கிறார்கள். எனக்கு இது வேண்டவே வேண்டாம்.


ஊவா தரவு எழுதியது:

அண்ணாவின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் நீங்கள் சொன்ன இரண்டும் தீர்ப்பு எழுதுகிற கணக்கு. டீச்சர் கேட்பது ஆளைத் தேடிப் போகிற கணக்கு. முதலாவதை நானும் எதிர்க்கிறேன்.

அமெரிக்காவில் ஜோர்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். வறிய குடும்பத்துப் பிள்ளைகள், வீட்டிலிருந்து முதன்முதல் பல்கலைக்கழகம் போகிற பிள்ளைகள் அதிகம் உள்ள இடம். 2012இலிருந்து அங்கே எண்ணூறுக்கு மேற்பட்ட எச்சரிக்கைக் குறிகளை வைத்து மாணவரைக் கவனிக்கிறார்கள். கறுப்பின மாணவருக்கும் மற்றவருக்கும் பட்டம் முடிப்பதில் இருந்த இடைவெளி இல்லாமல் போனது. கேட்டவுடன் எல்லோரும் மென்பொருளைத்தான் புகழ்கிறார்கள். ஆனால் அவர்கள் கூடவே நாற்பதுக்கு மேற்பட்ட ஆலோசகர்களை வேலைக்கு எடுத்தார்கள். கட்டணத்தில் சில நூறு டொலர் குறைந்ததால் பதிவு நீக்கப்பட இருந்த பிள்ளைகளுக்கு, விண்ணப்பம் எதுவும் கேட்காமல், அந்தத் தொகையைக் கணக்கில் போட்டார்கள். எச்சரிக்கை வந்தால் இரண்டு நாளுக்குள் ஒரு மனிதர் பேச முயல்வார்.

நம் ஆட்கள் மென்பொருளை மட்டும் வாங்கிக்கொண்டு ஆலோசகரையும் காசையும் விட்டுவிடுவார்கள் என்பதுதான் என் பயம். தங்கச்சிக்கு வந்த மின்னஞ்சல் அப்படித்தான் வந்திருக்கும்.


கலஹா விரிவுரையாளர் எழுதியது:

நிறுவனத்துக்குள் இருந்து பார்ப்பவனாக எழுதுகிறேன்.

தொலைக்கல்வி நம் சமூகத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று முதலில் சொல்ல வேண்டும். பல்கலைக்கழக அனுமதி 40 சதவீதம் திறமை அடிப்படையில், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையில், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. ஆனால் மாவட்டம் என்பது தோட்டம் மட்டும் இல்லை. ஒரே மாவட்டத்துக்குள் நகரப் பாடசாலைப் பிள்ளையோடு லயத்துப் பிள்ளை போட்டியிட வேண்டும். வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்றவர்களுக்கும், பத்தனை ஸ்ரீ பாத கல்வியியற் கல்லூரியில் பயிற்சி முடித்து ஆசிரியராகிவிட்டு அப்புறம் பட்டம் தேடுகிறவர்களுக்கும் வழி இதுதான். 1978ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் வந்த இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் நாவலையில் இருந்தாலும், கண்டியிலும் ஹட்டனிலும் அதன் நிலையம் இருப்பது இதனால்தான் பெரிய விஷயம்.

இந்தப் படிப்பில் பிள்ளை விலகுவது சத்தமே இல்லாமல் நடக்கும். நேரடி வகுப்பென்றால் வெறும் நாற்காலி தெரியும். இங்கே பரீட்சை மண்டபத்தில் வரவு எடுக்கும்போதுதான் எனக்குத் தெரிகிறது, இந்தப் பெயர் இனி வராது என்று. அதற்குள் பருவமே முடிந்துவிட்டது. நூற்றுக்கணக்கான பெயர்கள், ஒரு விரிவுரையாளர். யாரை முதலில் கூப்பிடுவது என்று ஏதாவது ஒன்று எனக்குச் சொல்ல வேண்டும். பொகவந்தலாவை அண்ணனிடம் பணிவாகக் கேட்கிறேன், எண்ணாமலே விட்டால் நம் பிள்ளைக்கு நன்மை நடக்கிறதா? எண்ணாததால்தான் இவ்வளவு காலம் நம் பிள்ளைகள் விலகியது யாருக்கும் தெரியவில்லை.

ஆனால் விற்க வருகிறவர்கள் சொல்வதை அப்படியே நம்பவும் கூடாது. அமெரிக்காவின் பேர்டியூ பல்கலைக்கழகத்தில் 2007 அளவில் தொடங்கிய கோர்ஸ் சிக்னல்ஸ்தான் டீச்சர் பார்த்த அந்தப் பச்சை, மஞ்சள், சிவப்புக்கு மூலம். அதைப் பயன்படுத்திய பாடநெறிகளை இரண்டோ அதற்கு மேலோ எடுத்த மாணவர்கள் அதிகமாக நிலைத்து நின்றார்கள் என்று பெரிதாகப் பேசப்பட்டது. 2013இல் விமர்சகர்கள் திருப்பிக் கேட்டார்கள்: அதிக காலம் நிலைத்து நின்ற மாணவர்தானே அதிகப் பாடநெறி எடுத்திருப்பார்? எது காரணம், எது விளைவு? சரியான கேள்வி. அதனால் யாராவது ஒரு சதவீதத்தைக் காட்டினால், எதோடு ஒப்பிட்டீர்கள் என்று கேளுங்கள்.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல். கண்டி, நுவரெலியா, பதுளை எங்கும் மண்சரிவு, மின்சாரம் இல்லை, போன் இல்லை, பாதை இல்லை. அந்த நாட்களின் பதிவைப் பார்த்தால் மலைநாட்டு மாணவர் எல்லோரும் படிப்பை விட்டுவிட்டதைப் போல இருக்கும். அந்தப் பருவத்தின் தரவைக் கொடுத்து மாதிரியைப் பழக்கினால் அது எதைக் கற்றுக்கொள்ளும்? எந்த மாதத்தை ஒதுக்க வேண்டும் என்று தெரிந்த ஒரு மலையக ஆள் அந்த மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.


பொகவந்தலாவை அண்ணன் எழுதியது:

சேர் சொல்வது விளங்குகிறது. எண்ணாமல் விட்டதாலும் நாம் இழந்தோம், சரி. அப்படியென்றால் எண்ணுகிறவர் நமக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவராக இருக்க வேண்டும். அது இல்லாதவரை என் எதிர்ப்பு எதிர்ப்புத்தான்.


ஹப்புத்தளை எழுதியது:

எல்லோரும் சிவப்புப் புள்ளியைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு வேறு பிரச்சினை. என் ஒப்படையை ஏஐ எழுதியது என்று ஒரு மென்பொருள் சொன்னதாம், விளக்கம் கேட்டிருக்கிறார்கள். முழுக்க நானே எழுதியது. எனக்குத் தெரிந்த ஆங்கிலம் பாடசாலையில் படித்ததுதான். சின்னச் சின்ன வாக்கியமாக, பிழை வராமல் கவனமாக எழுதுவேன். அதுதான் இயந்திரம் எழுதியதைப் போல இருக்கிறதாம். யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா? என்ன செய்வது?


ஊவா தரவு எழுதியது:

தம்பி, பயப்படாதீர்கள். இது உலகம் முழுக்கத் தெரிந்த குறை. 2023இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்கிற மென்பொருள்கள், அதாவது கண்டுபிடிப்பான்கள், ஏழைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் தகுதிப் பரீட்சைக்கு எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தபோது, சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவற்றை ஏஐ எழுதியது என்று தவறாகச் சொல்லின. அமெரிக்கப் பாடசாலைப் பிள்ளைகள் எழுதியவற்றில் அந்தத் தவறு கிட்டத்தட்ட இல்லை. காரணம் நீங்கள் சொன்னதேதான். அடுத்து வரும் சொல் எளிதில் ஊகிக்கக்கூடியதாக இருந்தால் அவை சந்தேகப்படுகின்றன. அளவான சொற்களில் கவனமாக எழுதுகிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். சட்ஜிபிடியை வெளியிட்ட ஓபன்ஏஐ நிறுவனமே தன் சொந்தக் கண்டுபிடிப்பானை, துல்லியம் போதாது என்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது.

உங்கள் பழைய வரைவுகள் இருக்கும்தானே? கூகுள் டொக்ஸில் எழுதியிருந்தால் திருத்த வரலாறு நிமிடத்துக்கு நிமிடம் இருக்கும். கையால் எழுதியிருந்தால் அந்தத் தாள்களைப் படம் எடுத்து வையுங்கள்.


கலஹா விரிவுரையாளர் எழுதியது:

ஹப்புத்தளைத் தம்பி, எழுத்திலேயே ஒரு வேண்டுகோள் கொடுங்கள்: வாய்மூலம் கேளுங்கள், நான் விளக்குகிறேன் என்று. எனக்குச் சந்தேகம் வந்தால் நான் செய்வது அதுதான். போனில் ஐந்து நிமிடம். இந்த உதாரணத்தை ஏன் எடுத்தீர்கள், மூன்றாவது பந்தியில் சொன்னதை உங்கள் தோட்டத்தில் எங்கே பார்த்தீர்கள்? தானே எழுதியவர் நிற்காமல் பேசுவார். தமிழில் பேச விடுங்கள், அதுவும் முக்கியம். ஆங்கிலத்தில் தடுமாறுவதைக் கள்ளத்தனத்துக்குச் சாட்சியாக எடுக்கக் கூடாது.


தலவாக்கலை மாணவி எழுதியது:

நான் ஏஐயைப் படிக்கப் பயன்படுத்துகிறேன், மறைக்க ஒன்றும் இல்லை. எங்கள் மொடியூல் ஆங்கிலத்தில். ஒரு பந்தியைக் கொடுத்து எளிய தமிழில் சொல் என்றால் சொல்கிறது. இரவு ஒரு மணிக்குச் சந்தேகம் கேட்க எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

ஆனால் நம் நாட்டு விஷயம் என்றால் கைவிட்டுவிடும். ஊழியர் சேமலாப நிதி பற்றித் தமிழில் கேட்டேன். சம்பளத்தில் தொழிலாளியின் பங்கு 12 சதவீதம் என்று உறுதியாகச் சொன்னது. அது இந்தியாவின் கணக்கு. இங்கே 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிலாளி 8, தொழில்தருநர் 12. எங்கள் வீட்டில் எல்லோரும் தோட்டத்தில் பேர் போட்டவர்கள், சம்பளத் துண்டைப் பார்த்தே வளர்ந்ததால் எனக்குப் பிடிபட்டது. மற்றவர்கள் அப்படியே எழுதிக்கொடுத்திருப்பார்கள்.


ஊவா தரவு எழுதியது:

அருமையான உதாரணம். தமிழில் இணையத்தில் இருப்பது பெரும்பாலும் தமிழ்நாட்டு எழுத்து, அதனால் அந்தப் பக்கம் சாய்கிறது. செலவும் இருக்கிறது. இந்த மாதிரிகள் எழுத்தைத் துண்டு துண்டாக உடைத்துத்தான் படிக்கும், துண்டின் எண்ணிக்கைக்குத்தான் காசும் வேகமும். 2024 மே மாதம் ஜிபிடி 4ஓ என்ற புதிய ஏஐ மாதிரி வந்தபோது ஓபன்ஏஐ காட்டிய உதாரணத்தில், ஒரே தமிழ்ப் பந்தி முன்பு 116 துண்டு, புதிய முறையில் 35. அதாவது அதுவரை தமிழில் கேட்டவர் அதே பதிலுக்கு மூன்று மடங்குக்கு மேல் துண்டுகளைச் செலவழித்துக்கொண்டிருந்தார். முன்னேற்றம் வருகிறது, இன்னும் சமமாகவில்லை.

பல்கலைக்கழகமே தன் பாடத்தை வைத்து உதவியாளர் ஒன்றை அமைப்பது நல்ல வழி. 2016இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் அஷோக் கோயல் என்ற பேராசிரியர் தன் ஒன்லைன் வகுப்புக்கு ஜில் வாட்சன் என்று ஒன்றை வைத்தார். சுமார் முந்நூறு மாணவர், ஒரு பருவத்துக்குப் பத்தாயிரம் அளவு கேள்விகள். 97 சதவீதம் நிச்சயம் இருந்தால் மட்டும் பதில் சொல்லும்படி வைத்திருந்தார். தெரியாததற்கு வாய் திறக்காது, ஆசிரியர் பார்த்துக்கொள்வார். சேமலாப நிதி விஷயத்தில் நமக்குத் தேவைப்பட்டது அந்த அடக்கம்தான்.


மஸ்கெலியா டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நான் எழுதப்போகும் கடிதத்தின் சாரத்தை இங்கே போடுகிறேன், குறை இருந்தால் சொல்லுங்கள்.

சிவப்பு விழுந்தால் அதைப் பார்த்து வளவாளர் ஒருவர் போன் எடுக்க வேண்டும், தமிழ்ப் பிள்ளையென்றால் தமிழில். மாணவருக்கு நேரடியாக எச்சரிக்கை மின்னஞ்சல் போகக் கூடாது. பேசியபின் 'இணைப்பு இல்லை', 'பிரதியில் படிக்கிறார்', 'கட்டணம் முடியவில்லை', 'வீட்டில் நோய்' என்று காரணத்தைப் பதிய ஒரு இடம் வேண்டும். இப்போது அந்தத் திரையில் அப்படி ஒரு பெட்டியே இல்லை. பிள்ளை ஹட்டனில் பிரின்ட் எடுத்தது கணினிக்குத் தெரியாது, எனக்குத் தெரியும், ஆனால் எழுத இடம் இல்லை. காரணம் டேட்டா என்றால் டேட்டா கொடுக்க வேண்டும். கொரோனா காலத்தில் பல்கலைக்கழகத் தளங்களுக்கு இலவசமாக இணைப்பு கிடைத்ததே, அது நடக்கக்கூடியது என்று அப்போதே பார்த்துவிட்டோம். அப்புறம், இந்தப் புள்ளி ஒருபோதும் மதிப்பெண்ணுக்கோ, புலமைப்பரிசிலுக்கோ, அடுத்த வருடப் பதிவுக்கோ போகக் கூடாது. இதில் நான் ஒரு அடியும் பின்வாங்க மாட்டேன்.

எண்ணுகிறவர் பதில் சொல்ல வேண்டும் என்று பொகவந்தலாவை அண்ணன் கேட்டது நியாயம். அதற்குச் சட்டத்தில் ஏதாவது இருக்கிறதா?


நுவரெலியா நூலகர் எழுதியது:

இருக்கிறது டீச்சர். இரண்டு சட்டம்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். முழுக்க முழுக்கக் கணினி தானாக எடுத்த முடிவு ஒருவரைப் பாதித்தால், அதை மீளாய்வு செய்யக் கோரும் உரிமை அதில் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அதன் பகுதிகள் கட்டம் கட்டமாகத்தான் நடைமுறைக்கு வருகின்றன, அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம்.

இன்றைக்கே கையில் எடுக்கக்கூடியது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவலறியும் உரிமைச் சட்டம். அரச பல்கலைக்கழகம் பகிரங்க அதிகாரசபை, அதாவது இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கேட்ட தகவலைத் தருகிறார்களா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். எந்தத் தரவை எடுக்கிறார்கள், எந்த வருட மாணவரை வைத்துப் பழக்கினார்கள், சிவப்பு விழுந்தவர்களில் உண்மையில் விலகியவர் எத்தனை பேர், மாவட்ட வாரியாக, மொழி வாரியாக. தனி ஆட்களின் பெயர் கேட்காதீர்கள், தொகை மட்டும் கேளுங்கள், மறுப்பது கடினம். கடைசிக் கேள்வியை விடாதீர்கள். அதற்கு விடை வந்தால்தான் தோட்டத்துப் பிள்ளைக்குத் தவறாகச் சிவப்பு விழுகிறதா என்று எண்ணிக்கையோடு பேசலாம்.


பொகவந்தலாவை அண்ணன் எழுதியது:

அந்த விண்ணப்பத்தில் என் கையெழுத்தும் இருக்கட்டும். முதல் ஆளாகப் போடுகிறேன்.


தலவாக்கலை மாணவி எழுதியது:

ஊவா அண்ணா, ஒரு சந்தேகம். இணைப்பு இல்லாமல் படித்ததும் பதிவில் ஏற ஏதாவது வழி இருக்கிறதா? நாங்கள் பிரின்ட்டிலும் பீடிஎஃப்பிலும் படித்ததை யாரும் நம்பப் போவதில்லை.


ஊவா தரவு எழுதியது:

ஓரளவுக்கு இருக்கிறது. பிரவுசரில் இறக்காமல் மூடில் ஆப்பைப் போட்டு, சிக்னல் உள்ள இடத்தில் பாடநெறியை அதற்குள்ளேயே இறக்கிக்கொள்ளுங்கள். அதற்குள் திறந்து படித்தால், திரும்ப இணைப்பு கிடைக்கும்போது பதிவு போய்ச் சேரும். பீடிஎஃப்பை வெளியே எடுத்து ஐந்து பேரும் மாற்றிக்கொண்டால் ஏறாது. குவிஸையும் இணைப்பு இல்லாமல் செய்யலாம், ஆனால் அதற்கு விரிவுரையாளர் குவிஸின் அமைப்பில் 'ஆப்பில் இணைப்பின்றிச் செய்ய அனுமதி' என்ற தெரிவைத் திறந்து விட வேண்டும். பெரும்பாலும் அது மூடியே கிடக்கும், யாரும் கவனிப்பதில்லை.


கலஹா விரிவுரையாளர் எழுதியது:

இப்போதுதான் போய்ப் பார்த்தேன், மூடித்தான் இருந்தது. என் இரண்டு பாடத்துக்கும் திறந்துவிட்டேன். நேரக் கட்டுப்பாடு உள்ள குவிஸ்களுக்கு அது வேலை செய்யாது போலிருக்கிறது, அதனால் பயிற்சிக் குவிஸ்களில் நேரத்தை எடுத்துவிட்டேன். மற்றப் பாட விரிவுரையாளர்களுக்கும் இன்று எழுதுகிறேன். ஹட்டன் பக்கத்தில் என் மாணவர் யாராவது இருந்தால், இறக்கி, போனின் டேட்டாவை அணைத்துச் செய்து பார்த்து இங்கே எழுதுங்கள்.


மஸ்கெலியா டீச்சர் எழுதியது:

சேர், என் குழுவில் அந்தப் பென்சில் குறிப்புப் பிள்ளை உங்கள் பாடமும் எடுக்கிறது. சனிக்கிழமை டே ஸ்கூலில் செய்து பார்க்கச் சொல்கிறேன். தகவலறியும் விண்ணப்பத்தின் வரைவை நூலகர் ஐயாவுக்குத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.